காயச் சரிபார்ப்பு வாரியம், மூன்றாவது அமர்வு

1982 பிப்ரவரி 22, திங்கட்கிழமை. வந்திருந்தவர்கள்:

கர்னல் லூதர் பிம் (ஓய்வு), தலைவர்.
மேஜர் டாக்டர் ஹோல்கம், மருத்துவ உறுப்பினர்.
திரு. ஏர்ல் ஸ்டாட்லர், கிடங்கு உறுப்பினர்.
மிஸ் வெர்னா குவில், செயலர்.
எமில் வாஸ்கோ, மனுதாரர்.
கேக் ஒன்று, இதய வடிவம், ஊதாக் கிரீம்.

கேக்கை நான் சேர்க்கவில்லை. மிஸ் குவில் தட்டச்சு செய்த குறிப்பிலேயே அது இருக்கிறது. கேக்குக்கு இடம் கிடைத்த பட்டியலில் வாசலில் நின்ற காவலாளிக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காவலாளி நான்.

எங்கள் கட்டடத்தின் பின்பாதி கிடங்கு. போரில் எதிரியால் காயம்பட்டவனுக்கு ராணுவம் கொடுக்கிற ஊதா இதயப் பதக்கங்கள் அங்கே இருக்கின்றன. முன்பாதி வாரியம். அந்தப் பதக்கத்தை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்கிறவர்கள் அங்கே உட்காருகிறார்கள்.

1945இல் ஜப்பானில் இறங்கப் போகிறோம் என்று முடிவானபோது, எத்தனை பேருக்குக் காயம் படும் என்று மேலிடத்தில் மதிப்புப் போட்டார்கள். ஐந்து லட்சத்துக்குப் பக்கத்தில் பதக்கங்கள் செய்து வைத்தார்கள். இரண்டு குண்டுகளில் போர் முடிந்துபோனது. பதக்கங்கள் மிஞ்சின. கொரியாவுக்கு அதிலிருந்து எடுத்தார்கள், வியட்நாமுக்கும் எடுத்தார்கள், இன்னும் தீரவில்லை. எங்கள் கிடங்கில் மட்டும் முப்பத்தோராயிரம் இருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் பரிசோதித்த தேதி போட்ட ஒரு துண்டுச் சீட்டு.

ஸ்டாட்லர் வாழ்நாள் முழுவதும் அந்தப் பெட்டிகளோடு இருந்தவர். சமாதானம் என்பது அவருக்கு அலமாரியில் இடம் இல்லாத நிலைமை. "எல்லாம் தயாரா இருக்குப்பா," என்பார் என்னிடம். "ரிப்பன் மாத்தியாச்சு. கழண்ட ஊசியைப் பத்தவச்சு ஒட்டியாச்சு. காயம்தான் நேரத்துக்கு வந்து சேர மாட்டேங்குது."

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் எமில் வாஸ்கோ தன் காயத்தை எடுத்துக்கொண்டு வந்தார். காலியான இருக்கைகள் நிறைந்த பேருந்தில் ஏறுவதுபோலச் சுலபமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

முதல் அமர்வு அக்டோபரில் நடந்தது. எமிலுக்கு ஐம்பது வயது. மூடப்பட்ட இரும்பாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் உலையடியில் நின்றவர். 1950 நவம்பரில், பத்தொன்பது வயதில், கொரியாவில் மோர்ட்டார் குண்டின் சில்லு அவருடைய இடது பூட்ஸைக் கிழித்துப் பாதத்துக்குள் போய்த் தங்கிவிட்டது. முப்பது வருடம் சும்மா இருந்த சில்லு அந்தக் கோடையில் நகர ஆரம்பித்தது. கால் கறுக்க ஆரம்பித்தது. முன்னாள் வீரர்களின் ஆஸ்பத்திரிக்குப் போனார். எதிரி கொடுத்த காயம் என்று காகிதம் இருந்தால் மேசையில் படுக்க வைக்கிறோம், இல்லையென்றால் வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வெளியே பார்த்துக்கொள்ள ஆலை மூடிய ஊரில் யாராலும் முடியாது. பனிக்காலத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் முழங்கால் வரை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஊர் டாக்டர் சொல்லிவிட்டார்.

எமில் வாரியத்துக்கு எழுதினார். வந்த பதிலை அவர் மடித்து மடித்துக் கிழிந்துபோன நிலையில் சட்டைப்பையில் வைத்திருந்தார். நான் படித்தேன். "1973 ஜூலையில் ஆவணக் காப்பகத்தில் நேர்ந்த தீவிபத்தில் தங்கள் காயம் எரிந்துவிட்டது என வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். வேறு காயம் இருந்தால் இணைத்து அனுப்பவும்."

வேறு காயம் இல்லாததால் நேரில் வந்தார்.

"முப்பத்தொரு வருஷம் ஏன் கேக்கலை?" என்றார் கர்னல் பிம்.

"கேக்கத் தோணலை சார். பக்கத்துல படுத்திருந்தவனுக்குத் தலையே இல்ல. நான் போய்க் காலைக் காட்டிக்கிட்டு நிக்கவா?"

"அன்னைக்குக் கட்டுப் போட்டது யார்?"

"எங்க படைப்பிரிவு மருந்துக்காரன். கில்லஸ்பின்னு பேரு."

"அவரை அழைச்சிட்டு வர முடியுமா?"

"மறுநாள் காலையில செத்துட்டான் சார்."

"அப்போ அவர் ஒத்துழைக்கலை," என்று சொல்லி, கர்னல் மிஸ் குவிலைப் பார்த்தார். அவர் அதைத் தட்டச்சு செய்தார்.

எமில் குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். பூட்ஸைக் கழற்றி, காலுறையை உருவி, பாதத்தை நாற்காலிமேல் தூக்கி வைத்தார். நான்கு விரல்கள் இல்லை. கட்டைவிரல் மட்டும் தனியாக நின்றது. அறைக்குள் வாடை வந்தது.

"அதை உள்ள போடுங்க," என்றார் மிஸ் குவில்.

"பாக்க வேண்டாமாம்மா?"

கர்னல் பொறுமையாக விளக்கினார். அவர் எப்போதும் பொறுமையாகத்தான் விளக்குவார். "மிஸ்டர் வாஸ்கோ, இந்தக் கால் யாருடையது? உங்களுடையது. இந்த வழக்குல லாபம் யாருக்கு? உங்களுக்கு. உங்க கால் உங்களுக்குச் சாதகமாத்தானே பேசும்? அதனாலதான் நாங்க எந்த மனுதாரரோட உடம்பையும் சாட்சியா எடுத்துக்கறதில்லை. இதுல உங்களுக்கு மட்டும் ஒரு நியாயம், இன்னொருத்தருக்கு ஒரு நியாயம் கிடையாது."

டாக்டர் ஹோல்கம் மட்டும் ஒரு கண்ணால் பார்த்துவிட்டார். அதனால் அவர் பேச வேண்டியதாயிற்று. "விரலெல்லாம் சில்லு பட்டா போச்சு?"

"இல்ல சார். சில்லு பூட்ஸைக் கிழிச்சிருச்சு. ஓட்டை வழியாப் பனி உள்ள போச்சு. மூணு நாள் நடந்தோம். பூட்ஸைக் கழட்டினப்போ விரலும் கூடவே வந்திருச்சு."

"அப்போ அது குளிர். குளிரால விறைச்சுப் போனா இந்தப் பதக்கம் கிடையாது. 1951லேயே விதி வந்தாச்சு."

"ஓட்டை போட்டது சீனாக்காரன் சார்."

"ஓட்டை பூட்ஸுல. பூட்ஸ் அரசாங்கத்தோடது. பூட்ஸுக்கா பதக்கம் கேக்கறீங்க?"

ஸ்டாட்லர் சிரித்தார். எமிலும் கொஞ்சம் சிரித்தார். உலையடியில் நின்றவர்களுக்கு எதற்கும் முதலில் சிரித்து வைக்கிற பழக்கம் உண்டு.

கர்னல் சிரிக்கவில்லை. "வானிலையை எதிரின்னு எந்த அரசாங்கமும் அறிவிக்கலை," என்றார். "அந்த வருஷம் குளிர் நம்ம பக்கமும் அடிச்சது, அவங்க பக்கமும் அடிச்சது. நடுநிலையா இருந்த ஒண்ணை நாம பழி சொல்ல முடியாது."

எமில் எக்ஸ்ரே படத்தை எடுத்தார். ஊர் டாக்டர் எடுத்த படம். பாதத்தின் நடுவில் வெள்ளையாக, பல் மாதிரி ஒன்று தெரிந்தது. டாக்டர் ஹோல்கம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கர்னலிடம் கொடுத்தார்.

"நிழல்," என்றார் கர்னல். "நிழலுக்கு நாடு கிடையாது. இது எதிரியோட இரும்புன்னு நாங்க எப்படி நம்பறது? பொருளைக் கொண்டு வாங்க."

"பொருளு காலுக்குள்ள இருக்கு சார். எடுக்கணும்னா ஆஸ்பத்திரி சேத்துக்கணும். ஆஸ்பத்திரி சேத்துக்கணும்னா நீங்க காகிதம் குடுக்கணும்."

"பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு!" கர்னல் உண்மையாகவே மகிழ்ந்துபோனார். "அவங்க எங்களைக் கேக்காம ஒண்ணும் செய்யறதில்லை. நாங்க அவங்களைக் கேக்காம ஒண்ணும் செய்யறதில்லை. ரெண்டு துறைக்கு நடுவுல இந்த மரியாதை இருக்கிற வரைக்கும் இந்த நாட்டுக்கு ஒரு குறையும் வராது."

அன்றைக்கு எமில் பூட்ஸை மாட்டுவதற்குக் கால் மணி நேரம் ஆனது. யாரும் உதவவில்லை. நானும் உதவவில்லை. வாசலை விட்டு நகரக் கூடாது என்பது எனக்கான விதி.

இரண்டாவது அமர்வு ஜனவரி முதல் வாரம். எமில் கோல் ஊன்றி வந்தார். இடது பூட்ஸின் மேல்தோலை வெட்டித் திறந்திருந்தார், கட்டுப் போட்ட கால் நுழைவதற்காக. கட்டின் மேலே ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தார். எங்கள் பக்கம் பனிக்காலத்தில் எல்லோரும் செய்வதுதான். ரொட்டி தீர்ந்ததும் பை காலுக்குப் போகும்.

மேசைமேல் ஒரு வெள்ளரி ஊறுகாய் ஜாடியை வைத்தார். அடியில் கொஞ்சம் விஸ்கி. விஸ்கிக்குள் விரல்நுனி அளவு இரும்பு.

"பொருளு," என்றார்.

டாக்டர் ஹோல்கம்தான் கேட்டார். "எந்த சர்ஜன் எடுத்தார்?"

"என் மச்சான் சார். கறிக்கடையில இருக்கான். கிச்சன் மேசையில படுக்க வச்சு எடுத்தான். பாதி விஸ்கி எனக்கு, பாதி அதுக்கு." ஜாடியைக் காட்டினார். "நல்லாத்தான் பண்ணினான். கையெழுத்துப் போட்டுத் தரேங்கறான்."

"கறிக்கடைக்காரர் கையெழுத்தை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?"

"என்னை மாடுன்னு எழுதிக்கங்க சார். காகிதம் குடுத்தாப் போதும்."

ஸ்டாட்லர் ஜாடியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். டிங் என்றது. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு காயம் கிடங்கைத் தேடி நேராக வந்திருக்கிறது. அவர் கண்ணில் ஒரு பாசம் தெரிந்தது. "கர்னல், இதைக் குடுத்துரலாமே. முப்பத்தோராயிரத்துல ஒண்ணு குறையும்," என்றார்.

கர்னல் அவரைப் பார்த்த பார்வையில் ஸ்டாட்லர் ஜாடியைக் கீழே வைத்தார்.

"பதக்கம் தீந்துபோறதுக்காகக் குடுக்கறதில்லை, ஏர்ல். சோதனைச்சாலைக்கு அனுப்புங்க. யாரோட இரும்புன்னு தெரியட்டும்."

"எத்தனை நாள் ஆகும் சார்?" என்றார் எமில்.

"அவசரம்னு எழுதி அனுப்பறோம். ஆறு வாரம்."

எமில் காலைப் பார்த்தார். கேட்க வேண்டியது காலைத்தான் என்பதுபோல.

ஆறு வாரம் கழித்து வந்த நாள்தான் மேலே சொன்ன பிப்ரவரி 22. அது வாஷிங்டனின் பிறந்தநாள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் இதே நாளில்தான் இந்தப் பதக்கத்தை மறுபடியும் உயிர்ப்பித்தார்கள். அதனால்தான் கேக். முன்வாசலில் காகித மாலை கட்டியிருந்தார்கள். புகைப்படக்காரர் நான்கரைக்கு வருவதாக ஏற்பாடு. எமிலின் முகத்தில் இரண்டு நாள் காய்ச்சல் தெரிந்தது. கேக்கையும் மாலையையும் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார், "எனக்காகவா தம்பி?"

நான் அறைக் கதவைத் திறந்துவிட்டேன்.

கர்னல் எழுந்து நின்று பேசினார். "இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, 1782ல, ஜெனரல் வாஷிங்டன் முதல்முதலா இந்த இதயத்தைக் குடுத்தார். அப்போ இது உலோகம் இல்லை. ஊதாத் துணி. இடது மார்புல தைச்சுக்கணும். காயத்துக்குன்னும் இல்லை, தகுதிக்குன்னு குடுத்தார். வாங்கினவங்கன்னு நமக்கு உறுதியாத் தெரிஞ்சது மூணே பேர். மத்தவங்க யாருன்னு தெரியாது. ஏன்னா பேர் எழுதின புத்தகம் தொலைஞ்சுபோச்சு." தொலைந்ததைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. "புத்தகம் தொலைஞ்சதால பதக்கத்தோட பெருமை குறைஞ்சுதா? கூடிச்சு! நூத்தம்பது வருஷம் யாருக்குமே குடுக்காம காப்பாத்தினோம். ஒரு பதக்கத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கு?"

ஸ்டாட்லர் கை தட்டினார். மிஸ் குவில் தட்டச்சு செய்தார்.

"சார்," என்றார் எமில். "அந்த மூணு பேரும் என்ன காகிதம் காட்டினாங்க?"

"எந்த மூணு பேர்?"

"துணி வாங்கினவங்க."

கர்னல் யோசித்தார். "அது வேற காலம். அப்போ ஜெனரல் நேராப் பாத்துக் குடுத்தார்."

"நீங்களும் நேராத்தானே சார் பாக்கறீங்க?"

அந்தக் கேள்வியைத் தட்டச்சு செய்வதா வேண்டாமா என்று மிஸ் குவில் கர்னலைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் கையசைத்தார்.

பிறகு டாக்டர் ஹோல்கம் சோதனைச்சாலை அறிக்கையைப் படித்தார். இரும்பு நம் நாட்டு இரும்பு. நம் ஊர்ப் பக்கத்து உலையில் வார்த்தது. அந்தக் காலத்தில் சீனாவில் ஒரு தரப்புக்கு நாம் கொடுத்த குண்டுகள் போரில் இன்னொரு தரப்பின் கைக்குப் போய், அவர்கள் அதைக் கொரியாவுக்குக் கொண்டு வந்து, எமிலின் மேல் போட்டிருக்கிறார்கள். அறிக்கை இதைச் சுருக்கமாக, "மூலம்: உள்நாடு" என்று சொன்னது.

எமில் உலையின் பெயரைக் கேட்டார். டாக்டர் சொன்னார்.

"நான் வேலை பாத்த ஆலை," என்றார் எமில். கொஞ்சம் பொறுத்து, "எங்கப்பா அங்கதான் இருந்தாரு. அந்த வருஷமெல்லாம் குண்டுதான் வார்த்தாங்க," என்றார்.

"அப்போ உங்களுக்கே புரியும்," என்றார் கர்னல். "எதிரியோட ஆயுதம்னு சொல்ல முடியலை. நம்ம இரும்பு நம்ம ஆளைக் காயப்படுத்திச்சுன்னு இந்த வாரியம் எழுதினா நல்லாவா இருக்கும்? இது அரசாங்கச் சொத்து. முப்பத்தொரு வருஷம் பத்திரமா வச்சிருந்து திருப்பிக் குடுத்திருக்கீங்க. வாரியம் நன்றி தெரிவிக்குது. மிஸ் குவில், ரசீது."

மிஸ் குவில் ரசீதை நீட்டினார். இரும்புத் துண்டு ஒன்று, நல்ல நிலையில், பெற்றுக்கொள்ளப்பட்டது.

"இரும்பு இருக்கட்டும் சார்," எமிலின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "காலு? காலு என்ன ஆகும்? டாக்டர், நீங்க பாருங்க. ஒரு தடவை பாருங்க."

டாக்டர் ஹோல்கம் இந்த முறை எழுந்து வந்து பார்த்தார். கட்டைப் பிரித்தார். மூக்கைத் திருப்பிக்கொண்டு கட்டைத் திரும்பப் போட்டார். உட்கார்ந்த பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"பழைய காயம்னு இப்போ அங்க எதுவும் தெரியலை. அது மேலேயே கத்தி போட்டிருக்காங்க. இப்போ இருக்கிறது புதுக் காயம். ஜனவரில, சமையலறையில, அவரோட சம்மதத்தோட ஏற்பட்டது."

"தானே ஏற்படுத்திக்கிட்ட காயம்," என்றார் கர்னல், மிஸ் குவிலுக்காக நிறுத்தி நிறுத்தி.

"நீங்கதானே சார் பொருளைக் கொண்டு வரச் சொன்னீங்க!"

"பொருளைக் கேட்டோம். காலை வெட்டச் சொல்லலை. அக்டோபர் குறிப்பைப் படிச்சுப் பாருங்க, எங்கேயும் இல்லை." கர்னல் கையை விரித்தார். அதில் பொய் எதுவும் இல்லை. "மனு தள்ளுபடி. முப்பது நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம். சாட்சிப் பொருளைச் சேர்த்து அனுப்பணும்."

"சாட்சிப் பொருளு உங்ககிட்டதானே இருக்கு?"

"அது அரசாங்கச் சொத்து. வெளிய தர முடியாது."

பிறகு கேக்கை வெட்டினார்கள். கர்னல் கத்தியை இதயத்தின் நடுவில் இறக்கினார். உள்ளே சிவப்பு ஜாம். எமிலுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், காகிதத் தட்டில். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். புகைப்படக்காரர் வந்துவிட்டதால் மிஸ் குவில் என்னைக் கூப்பிட்டு, மனுதாரரைப் பின்பக்கமாக அனுப்பச் சொன்னார். முன்வாசல் படத்துக்கு வேண்டும்.

பின்பக்கம் என்றால் கிடங்கு வழியாக.

இரண்டு பக்கமும் கூரை வரை அலமாரிகள். எமில் கோலை ஊன்றி, அலமாரியைப் பிடித்துப் பிடித்து நடந்தார். பாதி வழியில் நின்றார்.

"இதெல்லாம் அதானா?"

"அதான்."

"எத்தனை?"

"முப்பத்தோராயிரம்."

அவர் கேக் தட்டை அலமாரியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். நான் ஒரு பெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினேன். நல்லவன் என்பதால் இல்லை. அங்கே எண்ணிக்கை என்றைக்குமே சரியாக வந்ததில்லை, அதுதான் காரணம்.

"வச்சுக்கங்க. யாருக்கும் தெரியாது."

அவர் பெட்டியைத் திறந்தார். ஊதா ரிப்பன், பொன் விளிம்பு, நடுவில் வாஷிங்டனின் பக்கவாட்டு முகம். துண்டுச் சீட்டை எடுத்து, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"1945 ஜூன்," என்றார். "எனக்குப் பதினாலு வயசு. மீன் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்." சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை. "எனக்குத் தெரியாமலேயே பண்ணி வச்சிருக்கானுங்க."

பிறகு கேட்டார், "இதைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரில காட்டினா எடுத்துக்குவாங்களா தம்பி?"

"காகிதம் கேப்பாங்க."

"காகிதம் இங்க இருக்கா?"

"இல்ல. இங்க பதக்கம் மட்டும்தான்."

அவர் பெட்டியை மூடி, இருந்த இடத்திலேயே, விளிம்பு நேராக இருக்கும்படி வைத்தார்.

பின்கதவில் அவருடைய சட்டைப்பைகளைச் சோதித்தேன். சோதிக்க வேண்டும் என்பது விதி. கிழிந்த கடிதம், ரசீது, பேருந்துச் சீட்டு. கதவைத் திறந்ததும் ஏரிப் பக்கத்திலிருந்து பனி படியில் அடித்தது. கணுக்கால் வரை விழுந்திருந்தது.

"பஸ் அஞ்சே முக்காலுக்குத்தான்," என்றார். "அதுவரைக்கும் இப்படி உள்ள ஓரமா உக்காந்துக்கறேன்."

மணி ஐந்து அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது.

"அஞ்சு மணிக்கு மேல வெளியாளு உள்ள இருக்கக் கூடாது."

"யாரு சொன்னது?"

"விதி."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. குனிந்து காலைப் பார்த்தார். ரொட்டிப் பை கிழிந்திருந்தது, வெட்டித் திறந்த பூட்ஸின் வழியாகக் கட்டு தெரிந்தது. "பை ஏதாச்சும் இருக்கா? இந்த ஓட்டை வழியாப் பனி உள்ள போயிரும்."

என் சாப்பாட்டில் கடைசி இரண்டு ரொட்டித் துண்டுகள் பாக்கி இருந்தன. அவற்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பையைக் கொடுத்தேன். அவர் சுவரில் சாய்ந்து, கிழிந்த பையின் மேலேயே அதை மாட்டி, ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். நான் அவரைப் பிடித்துக்கொள்ளவில்லை, அவரும் கேட்கவில்லை.

"இன்னைக்கு எத்தனை டிகிரி?" என்றார்.

"பாரன்ஹீட்ல பூஜ்யத்துக்கு மேல எட்டு. உறைஞ்சுபோற குளிர்."

"பரவால்ல. அங்க பூஜ்யத்துக்குக் கீழ முப்பது."

கோலை முதலில் வெளியே ஊன்றினார், பிறகு நல்ல காலை, பிறகு மற்றதை. முன்பக்கத்திலிருந்து கர்னலின் சிரிப்பும் கேமராவின் சொடுக்கும் கேட்டன. மணி ஐந்து. கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினேன்.